நெருஞ்சி மேல் போர்த்திய பச்சை

எங்கள் பழைய கம்பெனியில் இப்போது வேலை பார்க்கிறவர்கள் என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். இடது பக்கம் காய்ந்து கிடக்கும் கட்டாந்தரை, வலது பக்கம் பச்சைப் புல்தரை. ஜவ்வாது மலையில் ஒரு தோல் வியாபாரியின் வீட்டு முன்வாசல் அது. மேலே கொட்டை எழுத்தில், ‘ஒரே வாரத்தில் உயிர் பெற்ற புல்தரை’ என்று போட்டிருந்தது. “அண்ணே, இது நீங்க பார்த்த சைட்டாமே. ஒரு வாரத்துல எப்படிண்ணே கொண்டாந்தீங்க? எங்களுக்கும் எழுதி அனுப்புங்க” என்று கேட்டிருந்தார்கள்.

எழுதுகிறேன். ஒரு வாரம் என்று எழுதின கை விளங்காது என்று முதலில் சொல்லிவிட்டு எழுதுகிறேன். அந்தப் புல்லுக்கு ஒரு மழைக்காலம் முழுசாகத் தேவைப்பட்டது. கம்பெனி அங்கே கடைசியாகப் போட்ட புல் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதை நானே சுருட்டி எடுத்து வேலிக்கு வெளியே எறிந்தேன். வலது பக்கத்தில் இருக்கிற பச்சைக்கும் கம்பெனிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெட்கமில்லாமல் அதை எடுத்து விளம்பரம் போட்டிருக்கிறார்கள்.

என் பெயர் முனிரத்தினம். ஊர் ஒடுகத்தூர். படிப்பு என்னை விட்டதா, நான் படிப்பை விட்டேனா என்று இன்றுவரை தெரியாது. வேலூரில் தோட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் மண் சுமக்கப் போனேன். ஆஸ்பத்திரி, காலேஜ், கல்யாண மண்டபம், பணக்காரர் பங்களா என்று ஊர் ஊராகச் சுமந்தேன். களை பிடுங்கினேன், புல் நட்டேன். கடைசியில் சூப்பர்வைசர் என்று சொல்லி ஒரு தொப்பி கொடுத்தார்கள். அதற்குள் தலையில் முடி போயிருந்ததால் தொப்பி உபயோகமாக இருந்தது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் தேவராஜ் மேஸ்திரி. கண்ணமங்கலத்துக்காரர். அவரும் மண் சுமந்து மேலே வந்தவர்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவரைத் திட்டும்போது, ஒன்றும் தெரியாத ஆபீசரைப் பற்றிப் பேசுகிறான் என்று யாரும் நினைக்கக் கூடாது. புல் விஷயத்தில் அவரை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது.

அவர் ஒரு சைட்டுக்கு வந்தால் யாரிடமும் பேச மாட்டார். ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புல்தரையை மெதுவாக ஒரு சுற்று நடப்பார். ஓர் இடத்தில் நிற்பார். குதிகாலால் இரண்டு தடவை அழுத்துவார். “இங்க கீழ கல்லு கீது, எடு” என்பார். தோண்டினால் கொத்தனார் புதைத்துவிட்டுப் போன உடைந்த செங்கல் இருக்கும். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. தப்புச் செய்தவனை, “இங்க வா நைனா” என்று தாழ்ந்த குரலில் கூப்பிடுவார். அந்தக் குரலைக் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம்.

அவர் சொல்லிக்கொடுத்தது கொஞ்சநஞ்சம் இல்லை. புல்லை ஒரேயடியாக மொட்டை அடிக்கக் கூடாது, நுனியில் மூன்றில் ஒரு பங்குதான் வெட்ட வேண்டும். தினமும் மேலாகத் தெளித்துப் பழக்கினால் வேர் சோம்பேறியாகிவிடும். இடைவெளி விட்டு, ஊறும்படி தண்ணீர் விட்டால்தான் அது கீழே இறங்கும். கெட்டிப்பட்ட தரையைப் புரட்டிப் போடக் கூடாது, அடியில் தூங்குகிற களைவிதை எல்லாம் மேலே வந்துவிடும். கடப்பாரையால் நெருக்கமாகக் குத்தி, குழியில் மணலும் மக்கின எருவும் நிரப்ப வேண்டும். நெருஞ்சி இருந்தால் மஞ்சள் பூ விடுவதற்கு முன்னால் வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கினபிறகும் மண்ணில் முள் கிடக்கும். அதற்கு ஈரக் கோணிச்சாக்கைத் தரையில் பரப்பி, மேலே ஒரு கல்லை வைத்துக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். முள் எல்லாம் சாக்கில் ஏறிக்கொள்ளும். சாக்கு சுத்தமாக வருகிறவரை இழுக்க வேண்டும். “சாக்கு பொய் சொல்லாது நைனா” என்பார்.

இந்த மனுஷனைத்தான் மேனேஜர் ஆக்கினார்கள். மேஸ்திரி மேனேஜரானதும் வேட்டி பேண்ட் ஆனது, அதில் எனக்குக் குறை இல்லை. யூரியா வந்ததே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

வெளியூரில் இருக்கும் முதலாளிகள் எப்போதாவதுதான் தங்கள் பங்களாவுக்கு வருவார்கள். எப்போது வருகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வோம். வருவதற்குச் சில நாள் முன்னால் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து அடித்தால் போதும். முதலாளி கார் உள்ளே நுழையும்போது புல் கருகருவென்று பச்சையாக நிற்கும். அவர் மகிழ்ந்து போய்விடுவார். அவர் போனபிறகு அது மஞ்சளாகும், நோய் பிடிக்கும், திட்டுத்திட்டாகச் சாகும். மறுபடியும் எங்களைத்தான் கூப்பிடுவார். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் தேவராஜ். புல்லைப் பற்றி ஒன்றும் தெரியாதவனுக்கு இந்த யோசனை தோன்றியிருக்காது. எதில் வாழும், எதில் சாகும் என்று அத்துப்படியாகத் தெரிந்தவருக்குத்தான் தோன்றும். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி அந்த மலை வீட்டுக்கு வருகிறேன்.

வீடு வஹாப் பாயுடையது. வாணியம்பாடியில் தோல் தொழில் செய்தவர். ஒடுகத்தூரிலிருந்து மலை ஏறி, நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் போகிற ஜீப்பைப் பிடித்து, நடுவில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் வரும். தோல் வாடையிலேயே காலம் போனவர், நல்ல காற்று வேண்டும் என்று கட்டின வீடு. முன்னால் ஒரு புல்தரை போட்டுக் கொடுத்ததும் எங்கள் கம்பெனிதான். விடிகாலைத் தொழுகையை அந்தப் புல்லில் பாய் விரித்துத்தான் செய்வார். ஓரத்தில் குழாய். அங்கே கைகால் கழுவிக்கொண்டு, வெறுங்காலோடு புல்லில் நடந்து வந்து பாயில் நிற்பார்.

பிறகு சர்க்கரை அவரைப் பிடித்தது. பாதம் மரத்துப்போனது. ஒருநாள் செருப்புக்குள் கிடந்த சின்ன ஆணி குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது சீழ் வைத்திருந்தது. இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை புண் வந்தால் முழங்காலோடு எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சில வருஷம் மலைக்கே வரவில்லை. பிறகு தொழிலை மகனிடம் கொடுத்துவிட்டு, இனிமேல் மலையில்தான் இருப்பேன் என்று பிடிவாதமாக வந்துவிட்டார். கம்பெனிக்குப் போன் வந்தது, நான் போனேன்.

போய்ப் பார்த்தால் புல்தரையில் ஒரு பாதி நெருஞ்சிக் காடு. மாட்டுக் குளம்பிலும் ஜீப் டயரிலும் மலை ஏறி வந்து தரையோடு தரையாகப் படர்ந்திருந்தது. இன்னொரு பாதி வேறு மாதிரி. சாணி போட்டு மெழுகி, வழவழவென்று களமாக இருந்தது. ஓரத்தில் சாமை வைக்கோல் போர் நின்றது.

வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆண்டி. பக்கத்துக் குக்கிராமத்து விவசாயி, சாமையும் புளியும் பார்க்கிறவர். என்னைப் பார்த்ததும் கையைப் பிசைந்தார்.

“பாய் வரல சாமி. புல்லு காஞ்சுபோச்சு. மலையில சமமா இத்தினி எடம் எங்க கீது? சாமை அடிக்கக் களம் ஆக்கிக்கினேன். தப்புதான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மலைக்காரன் எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். சரிவிலேயே உழுது சரிவிலேயே விதைக்கிறவனுக்கு ஒரு சமதரை சும்மா கிடந்தால் கை சும்மா இருக்குமா?

வஹாப் பாய் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி நூர் அம்மா பக்கத்தில் நின்றார். “இவருக்குச் சொல்லுங்க முனிரத்தினம். செருப்பு போட்டுக்கினு நடக்கச் சொன்னா கேக்கமாட்டேன்றார். டாக்டர் சொன்னத நெனச்சா எனக்குத் தூக்கம் வரல” என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். “ஊரு உலகத்துல எல்லாம் செருப்பு போட்டுக்கிறேன். வூட்டுக்குள்ளயும் போட்டுக்கிறேன். தொழுவுற எடத்த மட்டும் செருப்பால மிதிக்கமாட்டேன். குழாய்லருந்து பாய் வரைக்கும் எனக்குப் புல்லு வேணும். முடியுமா முடியாதா?”

“மழை பெய்யட்டும் பாய். ஒரு மழைக்காலம் குடுங்க. முள்ளு இல்லாம தர்றேன்” என்றேன்.

“எடுத்துக்க. நான் எங்க போவப் போறேன்?” என்றார்.

எங்களுக்குள் முடிந்தது. ஆனால் சென்னையிலிருந்த மகன் பெருநாளுக்குக் குடும்பத்தோடு, விருந்தாளிகளோடு வருவதாக இருந்தான். அவன் தேவராஜுக்குப் போன் செய்திருக்கிறான். பெருநாளுக்குள் புல் தயாராக இருக்கும் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். கோடை இன்னும் முடியவில்லை. நான் ஒரு வேலையாக ஒடுகத்தூருக்கு இறங்கியிருந்தபோது, ஒரு லாரி நிறைய, வேரோடு பாளமாக வெட்டி விற்கும் கார்பெட் புல்லும் இன்னொரு லாரி செம்மண்ணும் மலை ஏறிவிட்டன.

நான் திரும்பிப் போனபோது நெருஞ்சிப் பாதி முழுக்கப் பச்சை. முள்ளைப் பிடுங்கவில்லை. மேலாகச் செதுக்கிவிட்டு, சதுரம் சதுரமாகக் கார்பெட் புல்லைப் போர்த்தி, இடுக்கில் செம்மண் தூவியிருந்தார்கள். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ரோட்டோரத்தில் அள்ளின மண். அதிலேயே நெருஞ்சி முள் கலந்திருந்தது. கீழேயும் முள், மேலேயும் முள், நடுவில் பச்சை.

தேவராஜ் களத்தின் நடுவில் நின்றுகொண்டு ஆண்டியைத் திட்டிக்கொண்டிருந்தார். இப்போது சத்தம் போடக் கற்றிருந்தார்.

“பங்களா லானைக் களம் ஆக்கிட்டான் திருட்டுப்பய. சின்ன முதலாளி வரட்டும், மொதல்ல உன்ன வெளிய அனுப்பச் சொல்றேன். டேய், இந்தச் சாணித் தரைய வெட்டி எறிங்கடா.”

ஆண்டி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் மனைவி தூரத்தில் நின்று அழுதாள். நான் தேவராஜைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“அண்ணே, பாய்க்குக் கால்ல உணர்ச்சி இல்ல. இதுல வெறுங்கால வைக்கப் போறாரு. முள்ளு ஏறினா அவருக்குத் தெரியாது. கால எடுத்துடுவாங்கண்ணே.”

“தெரியும்” என்றார்.

“தெரிஞ்சுமா?”

“டேய் முனிரத்தினம். பச்சை காட்டறது நம்ம வேலை. கால் அவரோடது. டாக்டர் செருப்பு போடச் சொல்லிக்கிறாரு இல்ல? போடட்டும். நமக்கு இன்னா?”

அவர் வாயிலிருந்து அது வந்ததை என்னால் நம்ப முடியவில்லை. மண்ணுக்குள் இருக்கிற செங்கல்லைக் குதிகாலால் கண்டுபிடிக்கிறவர் சொல்கிறார். காலுக்கு உணர்ச்சி என்றால் என்ன என்று அவரைவிடத் தெரிந்தவன் யார்? அடித்துவிடுவேனோ என்று பயந்து அங்கிருந்து நகர்ந்தேன்.

ஆண்டி என் பின்னாலேயே வந்தார். “சாமி, களத்த வெட்டச் சொல்லாதீங்க. அதுல முள்ளு கெடையாது” என்றார்.

“எப்படிச் சொல்ற?”

“என் பொண்டாட்டி கையாலதான் மொழுவுனா. வெறுங்கையால தேச்சுத் தேச்சு மொழுவணும். முள்ளு இருந்தா கையில ஏறாதா? வருஷா வருஷம் மொழுவுறா. கை படாத எடம் இல்ல. அதுமேலதான் புள்ளைங்கெல்லாம் சாமை மிதிக்குது.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாழாகிப்போச்சு என்று எல்லாரும் சொல்கிற பாதிதான் பாய் கால் வைக்கக் கூடிய ஒரே பாதி. குழாயும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

கூலியாட்கள் கடப்பாரையைத் தூக்கியிருந்தார்கள். நிறுத்தச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, மேனேஜர் சொன்னபிறகு சூப்பர்வைசர் சொல் எடுபடுமா? நான் வராந்தாவில் ஏறி, “பாய், ஒரு நிமிஷம் எழுந்து வாங்க. செருப்பு போட்டுக்கினு வாங்க” என்றேன். ஆண்டி வீட்டிலிருந்து இரண்டு கோணிச்சாக்கு கொண்டுவந்தார். குழாயில் நனைத்தோம். ஒன்றைக் கல் வைத்துப் புதுப் புல்லின் மேல் இழுத்தேன். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை இழுத்து, பாய் எதிரில் புரட்டிப் போட்டேன். சாக்கு முழுக்க நெருஞ்சி முள். நூர் அம்மா, “யா அல்லா” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

இன்னொரு சாக்கைக் களத்தின் மேல் இழுத்தேன். புரட்டினால் சாமை உமி ஒட்டியிருந்தது. முள் ஒன்றும் இல்லை.

தேவராஜ் பக்கத்தில்தான் நின்றார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வித்தையை அவர் எதிரிலேயே செய்தேன். அவர் சாக்கைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் குனிந்து சாக்கிலிருந்து ஒரு முள்ளைப் பிய்த்து, உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். கையில் உணர்ச்சி இருந்தது. முகம் சுளித்தது.

“தேவராஜ், இது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“பாய், சின்ன முதலாளி பெருநாளுக்குள்ள பச்சையா வேணும்னு...”

“நான் உங்களக் கேட்டேன்.”

தேவராஜ் போனைப் பாக்கெட்டில் போட்டார். பாய் என் பக்கம் திரும்பினார். “இத்த எடுத்துடு” என்றார். கம்பெனி ஆட்கள் தொடமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். நானும் ஆண்டியும் அவர் மனைவியும் சேர்ந்து கார்பெட் புல்லைச் சுருட்டி வேலிக்கு வெளியே போட்டோம். என் கையெல்லாம் முள். அந்த வேலையை நான் அவ்வளவு வேகமாக வேறு எங்கேயும் செய்ததில்லை. தேவராஜ் லாரியோடு இறங்கிப் போய்விட்டார்.

பெருநாளுக்கு மகன் வந்தான். காரிலிருந்து இறங்கினதும் செம்மண்ணையும் சாணித் தரையையும் பார்த்துவிட்டுக் குதித்தான். “இன்னா டாடி இது? எல்லாரையும் கூப்ட்டுக்கினு வந்திருக்கேன். மாட்டுக் கொட்டாய் மாதிரி கீது. போட்டோகூட எடுக்க முடியாது.”

“நீ போட்டோ எடுக்க வந்தியா, என்னப் பாக்க வந்தியா?” என்றார் பாய். “கால் என்னுது. தொழுகை என்னுது. உனக்குப் பச்சை வேணும்னா ஓட்டலுக்குப் போ.”

மறுநாள் விடிகாலை ஆண்டியின் மனைவி மறுபடியும் தண்ணீர் தெளித்து, களத்தைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். பாய் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு, இரண்டு விரல் இல்லாத அந்தக் காலை ஊன்றி ஊன்றி நடந்து போய்ப் பாயில் நின்றார். மகனும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய் நின்றான்.

அதற்குப்பிறகு கம்பெனியில் எனக்கு வேலை கொடுக்கவில்லை. ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது, நானே நின்றுகொண்டேன். யாரும் பரிதாபப்பட வேண்டாம். பாய் நேராக என்னையே வைத்துக்கொண்டார்.

மழை இறங்கினதும் ஆரம்பித்தோம். களத்தை வெட்டவில்லை. கடப்பாரையால் குத்திக் குத்தி மணலும் எருவும் நிரப்பினோம். ஓடையோரத்தில் வளர்ந்திருந்த அருகம்புல்லைத் துண்டு துண்டாக்கி நட்டோம். வருஷக்கணக்காகச் சாணி குடித்த தரையில் புல் பிடித்த பிடியைப் பார்க்க வேண்டுமே! நெருஞ்சிப் பாதியில் முளைக்க முளைக்கப் பிடுங்கினோம், சாக்கு இழுத்தோம், மறுபடி பிடுங்கினோம். சாக்கு சுத்தமாக வந்த இடத்துக்கு மட்டும் புல்லை நகர்த்திக்கொண்டு போனோம். களத்திலிருந்து கிளம்பின புல் வேலிவரை போய்ச் சேர்ந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. ஆண்டிக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு மேட்டைச் சமப்படுத்தி வேறு களம் ஆக்கிக்கொள்ளப் பாய் சொல்லிவிட்டார்.

பாய் இந்த வருஷம் தவறிவிட்டார். மாரடைப்பு. அடக்கம் எல்லாம் முடிந்தபிறகு நூர் அம்மா எனக்குப் போன் செய்தார்.

“முனிரத்தினம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. அவரக் குளிப்பாட்டுனவங்க வந்து சொன்னாங்க. ரெண்டு பாதத்துலயும் ஒரு கீறல்கூட இல்லையாம். கொழந்த கால் மாதிரி இருந்துச்சாம். தெனம் அங்கதான் நடந்தாரு.”

“சரிம்மா” என்று மட்டும் சொன்னேன். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எத்தனையோ காலமாகப் பேசாத தேவராஜுக்குப் போன் போட்டேன். அவரும் இப்போது ஓய்வில்தான் இருக்கிறார். வஹாப் பாய் தவறிட்டார் என்று சொன்னேன். குளிப்பாட்டினவர்கள் சொன்னதையும் சொன்னேன். பாதத்தில் ஒரு கீறல் இல்லையாம் அண்ணே என்று இரண்டு தடவை சொன்னேன்.

அந்தப் பக்கம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

பிறகு, “புல்லு இப்ப பச்சையா கீதா?” என்று கேட்டார்.

நான் போனை வைத்துவிட்டேன்.